அந்தப் பெண்ணை வேலையிலிருந்து நிறுத்திவிடலாமா?

வாசகர் கேள்வி – பதில்

(மதுரையில் ஒரு நூற்பாலையில் தொழிலாளர் நல அலுவலராக நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்ற அம்மையார் இந்தப் பகுதியில் பதில் அளிக்கிறார். உடன் வேலை செய்பவரின் மனம் தளரும்போது மேலே இருப்பவர் என்ன செய்வது என்பதே இம்முறை வந்த கடிதங்கள் பலவற்றின் கவலை.)

கேள்வி: தெற்கு மாசி வீதியில் ஒரு ஜவுளிக் கடையில் சேலைப் பிரிவுக்கு மேற்பார்வை பார்க்கிறேன். எனக்குக் கீழே பதினான்கு பெண்கள். அவர்களில் ஒருத்தி உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறாள். கலகலப்பான பெண். ஆடித் தள்ளுபடி முடிந்ததிலிருந்து ஆளே மாறிவிட்டாள். யாரிடமும் பேசுவதில்லை. சேலையை மடித்தபடியே அப்படியே நின்றுவிடுகிறாள். போன வாரம் இரண்டு வாடிக்கையாளர்களின் பில்லை மாற்றிக் கொடுத்துவிட்டாள். "தீபாவளி நெருங்குகிறது, கணக்கை முடித்து அனுப்பிவிடு" என்கிறார் முதலாளி. எனக்கு அனுப்ப மனமில்லை. அவளிடம் எப்படிப் பேசுவது என்றும் தெரியவில்லை அம்மா.

பதில்: அனுப்ப வேண்டாம். இரக்கத்தைச் சொல்லி முதலாளியை இணங்க வைக்க முடியாவிட்டால் வியாபாரத்தைச் சொல்லுங்கள். எந்த அடுக்கில் எந்த விலைச் சேலை இருக்கிறது என்று பார்க்காமலே எடுத்துப் போடும் பெண்ணை ஐப்பசி பிறக்கும் நேரத்தில் அனுப்பிவிட்டால், புதிதாக வருகிறவள் சரக்கைப் பழகுவதற்குள் தீபாவளி முடிந்துவிடும். இரண்டு மாத அவகாசம் கேளுங்கள். அதுவரை அவள் பொறுப்பு என்னுடையது என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அப்படிச் சொல்ல ஒரு ஆள் இருந்ததாலேயே வேலையில் நிலைத்தவர்களை என் மில்லில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

இனி, பேசுவது. முதலாளியின் கண்ணாடி அறைக்குக் கூப்பிடாதீர்கள். அந்த அறைக்கு ஒருத்தியைக் கூப்பிட்டால் திட்டவோ நிறுத்தவோ தான் என்று கடை முழுவதும் நினைக்கும். விற்பனைத் தளத்திலும் வேண்டாம். நீங்கள் ஆணா பெண்ணா என்று எழுதவில்லை. ஆண் என்றால், மற்றவர்கள் பார்க்கும்படியும் பேச்சு அவர்கள் காதில் விழாதபடியும் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். காலையில் கூட்டம் வருவதற்கு முந்தைய நேரம் நல்லது.

"உனக்கு என்ன ஆயிற்று? மனசு சரியில்லையா?" என்று தொடங்கினால், "ஒன்றும் இல்லை" என்ற பதிலோடு பேச்சு முடிந்துவிடும். நீங்கள் கண்ணால் கண்டதை மட்டும் சொல்லுங்கள். "கொஞ்ச நாளாக மதியச் சாப்பாட்டைப் பிரிக்காமலே திரும்ப எடுத்துக்கொண்டு போகிறாய். இராத்திரி தூங்குகிறாயா?" நம் பக்கத்துப் பெண்களிடம் மனதைப் பற்றிக் கேட்டால் வராத பதில், சோற்றையும் தூக்கத்தையும் கேட்டால் வரும். தலை பாரமாக இருக்கிறது, நெஞ்சு படபடக்கிறது, கை கால் ஓய்ந்துபோகிறது என்பார்கள். உடம்பின் வழியாகத்தான் அவர்கள் மனதைச் சொல்கிறார்கள். கேட்டுவிட்டு நீங்கள் சும்மா இருக்க வேண்டும். அவள் அழுதால் அழட்டும். "மீனாட்சியைக் கும்பிட்டுவிட்டு வா, சரியாகிவிடும்", "கல்யாணம் ஆனால் எல்லாம் போய்விடும்" என்று எதுவும் சொல்ல வேண்டாம். இப்படிச் சொன்ன பிறகு யாரும் இரண்டாவது முறை வாய் திறந்து நான் பார்த்ததில்லை.

அன்றே சொல்லாவிட்டாலும் நாலு நாள் கழித்துச் சொல்வாள். என்ன சொல்வாள் என்பதைப் பொறுத்து உங்கள் வேலை மாறும். வீட்டில் கடனோ, அப்பாவின் குடியோ, பிடிக்காத சம்பந்தமோ இருக்கலாம். அதை உங்களால் தீர்க்க முடியாது. தீர்க்க முயலவும் வேண்டாம்.

கடைக்குள்ளேயே ஒருவன் தொல்லை கொடுக்கிறான் என்று சொன்னால் இது மனநலச் சங்கதியே இல்லை. பெண் ஒருத்தி திடீரென்று வாயடைத்துப் போனால் எனக்கு முதலில் வருகிற சந்தேகம் இதுதான். பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். குழு இல்லாவிட்டால் மாவட்ட அளவிலான குழுவுக்குப் போகலாம். இருவரையும் உட்கார வைத்துச் சமாதானம் பேசும் வேலையை மட்டும் நீங்கள் செய்துவிடாதீர்கள்.

இரண்டு வாரத்துக்கு மேலாகத் தூக்கமும் இல்லை, பசியும் இல்லை, எதிலும் ஒட்டுதல் இல்லை என்றால் மருத்துவரைப் பார்த்தாக வேண்டும். முதலில் ஒரு இரத்தப் பரிசோதனை. இரத்தசோகையும் தைராய்டு குறைபாடும் மனச்சோர்வைப் போலவே முகம் காட்டும். அதன் பிறகு, அரசு இராஜாஜி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. உங்கள் கடை தொழிலாளர் அரசுக் காப்பீடான இ.எஸ்.ஐ.யில் சேர்ந்திருந்து அவள் சம்பளம் மாதம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால், சம்பளச் சீட்டில் மாதாமாதம் பிடிக்கப்படும் அந்தச் சிறு தொகை இந்த மாதிரி நேரத்துக்காகத்தான் என்பதை அவளுக்குச் சொல்லுங்கள். தத்தனேரியில் இ.எஸ்.ஐ. மருத்துவமனை இருக்கிறது. போதிய நாட்கள் சந்தா செலுத்தியிருந்தால், மருத்துவர் சான்றின் பேரில் ஓய்வில் இருக்கும் நாட்களுக்குச் சம்பளத்தில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாட்கள் வரை கிடைக்கும். மனச்சிதைவு, இருதுருவ மனநோய் போன்ற கடுமையான நோய்களுக்கு, இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து காப்பீட்டில் இருந்தவர்களுக்கு, அதற்கு மேலும் நீளும். அப்போது 80 சதவீதம். "லீவு போட்டால் அடுப்பு எரியாது" என்ற பயத்தில் நோயை மறைப்பவர்களே அதிகம். இந்த ஒரு தகவல் அவர்களில் பலரை மருத்துவமனை வாசல் வரை கொண்டு சேர்க்கும்.

பேசினால் மட்டும் போதாது. அவளுடைய நாள் எப்படிப் போகிறது என்று நீங்கள் கணக்குப் பார்க்க வேண்டும். ஆடி மாதம் முழுவதும் கடை இரவு எத்தனை மணிக்கு அடைத்தீர்கள்? அதன் பிறகு பஸ் பிடித்து உசிலம்பட்டி தாண்டிப் போய்ச் சேர எத்தனை மணி ஆகியிருக்கும்? காலையில் எழுந்து சமைத்து வைத்துவிட்டுத் திரும்பவும் பஸ். ஒரு மாதம் இப்படித் தூக்கம் கெட்டால் கல்லும் கரையும். சில வாரங்களுக்கு ஒரு மணி நேரம் முன்னால் அனுப்புங்கள். பில் போடுகிற இடத்திலிருந்து சரக்கு அடுக்கும் வேலைக்கு மாற்றுங்கள். சம்பளத்தில் கை வைக்காதீர்கள். எந்தத் தேதியில் பழைய இடத்துக்குத் திரும்பலாம் என்பதையும் அன்றே சொல்லிவிடுங்கள். தேதி சொல்லாத இடமாற்றம் தண்டனையாகத்தான் போய்ச் சேரும்.

பிறகு, நாற்காலி. 2021இல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்கள் எல்லோருக்கும் இருக்கை வசதி வேண்டும் என்று எழுதினார்கள். மாசி வீதிகளில் நான் போகும் கடைகளில் ஸ்டூல்கள் இருக்கின்றன, யாரும் உட்காருவதில்லை. முதலாளி பார்த்தால் என்ன நினைப்பாரோ என்ற அச்சம். கூட்டம் இல்லாத மதிய வேளையில் நீங்கள் முதலில் உட்காருங்கள், மற்றவர்களையும் உட்காரச் சொல்லுங்கள். இது சின்ன விஷயம் என்று தோன்றலாம். லண்டனில் 1967இல் தொடங்கி அரசு ஊழியர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தார்கள். பெரிய பதவியில் இருப்பவர்களுக்குத்தான் கவலையால் இதயம் கெடும் என்று அதுவரை பலரும் நம்பியிருந்தார்கள். படிநிலை கீழே இறங்க இறங்க இதய நோய் சாவு கூடியதைத்தான் அந்த ஆய்வு கண்டது. பின்னர் 1985இல் தொடங்கிய இரண்டாம் ஆய்வு, தன் வேலையைத் தான் தீர்மானிக்க வழியே இல்லாதவர்களுக்கு அந்த ஆபத்து அதிகம் என்று காட்டியது. எப்போது உட்காரலாம், எப்போது தண்ணீர் குடிக்கலாம் என்பதற்கும் ஒருவர் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும் வேலை அப்படிப்பட்டதுதான்.

கேள்வி: கப்பலூரில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். ஒன்பது பையன்கள். மகன்களைப் போல்தான் நடத்துகிறேன். தீபாவளிக்குத் துணி, ஆயுத பூஜைக்குச் சாப்பாடு எல்லாம் உண்டு. ஆனாலும் ஆறு மாதத்துக்கு மேல் யாரும் தங்குவதில்லை. மனநலம், அழுத்தம் என்று நீங்கள் எழுதுவது பெரிய கம்பெனிகளுக்குத்தானே பொருந்தும்?

பதில்: மகன்களைப் போல் என்றால் மகனைத் திட்டுவது போலவும் திட்டுவீர்களா ஐயா? எல்லோர் முன்னிலையிலும்? கடிதத்தில் அது இல்லை. ஆனால் பையன்கள் இப்படி வரிசையாகக் கிளம்பிப்போகும் பட்டறைகளில் நான் விசாரித்தவரை, கூலி குறைவு என்பதற்கு அடுத்தபடியாகச் சொன்ன காரணம் இதுதான். பத்தொன்பது வயதுப் பையன், ஜாப் (கடைந்த உருப்படி) ரிஜெக்ட் ஆனதற்காகச் சாதியையும் அப்பனையும் சேர்த்துத் திட்டு வாங்கினால் மறுநாள் இன்னொரு பட்டறை தேடிப் போவான். போகாமல் இருப்பவன் அடுத்த ரிஜெக்டை மறைப்பான். எமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் 1990களில் அமெரிக்க மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளைக் கணக்கெடுத்தார். நல்ல தலைமை இருந்த குழுக்களில்தான் தவறுகள் அதிகமாகப் பதிவாகியிருந்தன. அவர்கள் தவறுகளை வெளியே சொல்லப் பயப்படவில்லை என்பதே அவர் கண்ட விளக்கம். உங்கள் பட்டறையில் யாராவது தானாக வந்து "அண்ணாச்சி, அளவு தப்பிவிட்டது" என்று சொல்கிறார்களா? அதைப் பாருங்கள்.

துணியும் சாப்பாடும் நல்லதுதான். சம்பளத்தை மாதாமாதம் ஒரே தேதியில் கொடுப்பது அதைவிட நல்லது. தேதி தள்ளும்போது வட்டிக்காரனிடம் போகிறார்கள். தூக்கம் அங்கேதான் போகிறது.

பெரிய கம்பெனிக்குத்தான் என்பது சரியில்லை. மனச்சோர்வாலும் பதற்றத்தாலும் உலகம் ஆண்டுக்கு 1,200 கோடி வேலைநாட்களை இழக்கிறது என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் 2022இல் மதிப்பிட்டன. அதில் கப்பலூரும் உண்டு. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் 500 பேரோ அதற்கு மேலோ உள்ள ஆலையில் நல அலுவலர் ஒருவரை வைக்கச் சொன்னது. அப்படித்தான் எனக்கு வேலை கிடைத்தது. ஒன்பது பேர் உள்ள இடத்தில் அந்த வேலை உங்களுடையது.

கேள்வி: இலந்தைக்குளம் ஐ.டி. பூங்காவில் இரவு ஷிப்டில் வேலை செய்கிறேன். ஐந்து மாதமாக மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். மேலாளரிடம் சொல்லலாமா? சொன்னால் பதவி உயர்வு போய்விடுமோ என்று பயம்.

பதில்: நோயின் பெயரைச் சொல்ல வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. என்ன தேவை என்பதைச் சொல்லுங்கள், அது போதும். "சிகிச்சையில் இருக்கிறேன், மூன்று மாதத்துக்குப் பகல் ஷிப்ட் வேண்டும் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்திருக்கிறார்." தூக்கம் தலைகீழாக மாறும் வேலை மனச்சோர்வை ஆறவிடாது என்பதால், இந்தக் கடிதத்தை உங்கள் மருத்துவரே விரும்பி எழுதிக் கொடுப்பார். வாயால் மட்டும் சொல்லாமல் மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2017, சிகிச்சை விவரங்கள் இரகசியமாகக் காக்கப்பட வேண்டும் என்பதை நோயாளியின் உரிமை என்கிறது. உடல் நோய்க்கு எந்த அடிப்படையில் மருத்துவக் காப்பீடு தருகிறார்களோ அதே அடிப்படையில் மனநோய்க்கும் தர வேண்டும் என்றும் அது சொல்கிறது. நிறுவனம் எடுத்துக் கொடுத்த காப்பீட்டுத் தாளை ஒரு முறை எடுத்துப் படியுங்கள்.

மேலாளர் நல்லவர், நம்பலாம் என்று உங்களுக்கே தோன்றினால் சொல்லலாம். அதை நீங்கள்தான் எடைபோட முடியும். பதவி உயர்வு பயம் பொய்யானது என்று நான் சொல்ல மாட்டேன். அப்படிப்பட்ட இடங்கள் இருக்கின்றன.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். இப்போது தெளிவாக இருக்கிறது என்று மாத்திரையை நீங்களாக நிறுத்தக் கூடாது. மருத்துவர் படிப்படியாகக் குறைப்பார்.

கேள்வி: திருமங்கலத்துக்கு அருகே ஒரு பஞ்சாலையில் ஷிப்ட் பொறுப்பாளராக இருக்கிறேன். எங்கள் ஷிப்டில் வேலை பார்த்த ஒருவர் சென்ற மாதம் தற்கொலை செய்துகொண்டார். இதைப் பற்றி யாரும் பேசக் கூடாது, அவர் வீட்டுக்கும் போக வேண்டாம் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. ஆட்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வேலை செய்கிறார்கள். எனக்கும் தூக்கம் இல்லை.

பதில்: உங்கள் கடிதத்தைப் பல முறை படித்தேன் தம்பி. உங்களுக்கும் அவருடைய வீட்டாருக்கும் என் ஆழ்ந்த அனுதாபம்.

பேசக் கூடாது என்ற உத்தரவு தவறு. நிர்வாகம் பேசாவிட்டால் கழிப்பறையிலும் டீக்கடையிலும் பேசுவார்கள். அங்கே காதல், கடன், குடி என்று ஆளுக்கொரு கதை கட்டி இறந்தவரை மேலும் ஒரு முறை கொல்வார்கள். ஷிப்ட் தொடங்கும் முன் எல்லோரையும் நிறுத்தி நீங்களே சொல்லுங்கள். அவர் பெயரைச் சொல்லுங்கள். எத்தனை ஆண்டு நம்மோடு இருந்தார், எந்தெந்த மெஷினில் கை தேர்ந்தவர் என்று சொல்லுங்கள். எப்படி இறந்தார் என்ற விவரம் வேண்டாம். எந்த ஒற்றைக் காரணத்தையும் சொல்ல வேண்டாம், பெரும்பாலும் காரணம் ஒன்றாக இருப்பதில்லை. "யாருக்காவது நெஞ்சு கனமாக இருந்தால் என்னிடம் வாருங்கள், இன்று வேலை செய்ய முடியாவிட்டால் வீட்டுக்குப் போகலாம், சம்பளம் பிடிக்கப்படாது" என்று சொல்லிவிட்டு, அந்தச் சம்பளத்துக்காக மேலே போய்ச் சண்டை போடுங்கள்.

அவர் வீட்டுக்குப் போங்கள். நிர்வாகத்தின் சார்பில் வேண்டாம், உடன் வேலை செய்தவராகப் போங்கள். நம் ஊரில் துக்கம் கேட்கப் போகாதவரைப் பகையாளி என்பார்கள். வீட்டார் கோபத்தில் ஏதாவது சொன்னால் வாங்கிக்கொள்ளுங்கள். வைப்பு நிதி, இ.எஸ்.ஐ., பணிக்கொடை ஆகியவற்றில் அவர்களுக்கு வர வேண்டியது என்ன என்று தெரிந்துகொண்டு, தாள்களை நிரப்ப அவர்களோடு உட்காருங்கள். மாதக்கணக்கில் அலைய விடப்படும் குடும்பங்களை நான் அறிவேன்.

பிறகு, மிச்சம் இருப்பவர்களைக் கவனியுங்கள். அவருக்கு மிக நெருங்கியவர், ஒரே அறையில் தங்கியவர், கடைசியாக அவரோடு சண்டை போட்டவர். இந்த மூன்றாமவரைப் பெரும்பாலும் மறந்துவிடுவார்கள். அவர்தான் இரவெல்லாம் விழித்திருப்பார். தனியாக அழைத்து நேரடியாகவே கேளுங்கள்: "செத்துப்போகலாம் என்ற எண்ணம் உனக்கு வருகிறதா?" இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்று அஞ்ச வேண்டாம். அப்படி நடப்பதில்லை என்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கேட்டதற்காக அழுது நன்றி சொன்னவர்களை நான் பார்த்திருக்கிறேன். வருகிறது என்று சொன்னால் அன்று அவரைத் தனியே விடக் கூடாது. வீட்டில் ஒருவரிடம் நேரில் ஒப்படைத்து, மருத்துவமனைக்கு உடன் போக வேண்டும். போலீஸ் வழக்கு வரும் என்று பயந்து மருத்துவமனையைத் தவிர்ப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும் என்று 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. தற்கொலை முயற்சியைத் தண்டிக்கும், பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு, 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டத்தில் இல்லை.

கடைசியாக ஒன்று. கடினமானது, ஆனால் செய்ய வேண்டும். அவருடைய கடைசி மூன்று மாத வருகைப் பதிவேட்டை எடுத்துப் பாருங்கள். எத்தனை நாள் இரட்டை ஷிப்ட்? எத்தனை முறை விடுப்பு கேட்டு மறுக்கப்பட்டது? பழி யார்மீதும் போடுவதற்காகச் சொல்லவில்லை. அதே பதிவேட்டில் இன்னும் யாருடைய பெயருக்கு நேராக அதே கணக்கு இருக்கிறது என்று தெரிய வேண்டும்.

நீங்களும் தூங்கவில்லை என்று ஒரே வரியில் எழுதி முடித்துவிட்டீர்கள். உங்களுக்கும் ஒருவர் வேண்டும். இந்த எண்ணில் முதலில் நீங்கள் பேசுங்கள். சென்னையில் 1986 முதல் இயங்கும் சிநேகா தற்கொலைத் தடுப்பு மையத்தின் எண் 044-24640050.

கேள்வி: 14416 என்ற எண்ணில் தமிழில் பேசுவார்களா? பணம் கேட்பார்களா? எங்கள் நிறுவனத்தில் அதை எழுதி ஒட்டலாமா?

பதில்: டெலி மானஸ் என்ற அந்த மத்திய அரசின் தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவை 2022 அக்டோபர் 10, உலக மனநல நாளன்று தொடங்கப்பட்டது. தமிழில் பேசலாம். கட்டணம் இல்லை, இரவும் பகலும் உண்டு. தாராளமாக ஒட்டுங்கள். ஆனால் மேலாளர் அறை வாசலிலோ அறிவிப்புப் பலகையிலோ வேண்டாம், அங்கே நின்று எழுதிக்கொள்ள யாருக்கும் துணிவு வராது. கழிப்பறைக் கதவின் உட்புறம் ஒட்டுங்கள்.